எங்கே நின்ற வண்டி?

பழைய கார் ஒன்றைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிடுகிறவர்கள் போனில் முதலில் சொல்வது கிலோமீட்டர். “அண்ணே, நாப்பதாயிரந்தான் ஓடியிருக்கு. ஃபர்ஸ்ட் ஓனர், வீட்டு வண்டி.” சொல்லும்போதே குரலில் தெரிந்துவிடும், பாதி மனசு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தியாகிவிட்டது என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு. “எங்க நின்ன வண்டி தம்பி?” பலருக்கு இந்தக் கேள்வி புரிவதில்லை. புதுச்சேரியில் எடுத்தது, டாக்டர் வைத்திருந்தது என்று ஏதோ சொல்வார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, ராத்திரி அது எங்கே நின்றது என்பது. கதவு போட்ட ஷெட்டிலா, வேப்ப மரத்தடியிலா, கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் கடல் காற்று நேராக வந்து அறைகிற வாசலிலா? ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறும்? ஒரேயடியாக எத்தனை மாதம் ஸ்டார்ட் பண்ணாமல் கிடந்தது?

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிற கார், மீதி இருபத்து மூன்று மணி நேரம் எங்கேயோ நின்றுகொண்டுதான் இருக்கிறது. எங்கள் ஊரில் வண்டியைத் தின்பது அந்த இருபத்து மூன்று மணி நேரம்தான். மீட்டரில் அது ஏறாது.

தலத்தெருவில், சிவலோகநாதர் கோயில் இருக்கிற ஊரில், எனக்கு ஒரு சின்னப் பட்டறை. பழுது பார்ப்பதும் உண்டு. ஆனால் சில வருடங்களாக விருப்பமாய்ச் செய்வது வாங்குகிறவருக்காக வண்டி பார்த்துச் சொல்கிற வேலைதான். புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பிராந்தியம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. காலையில் கிளம்பி எந்தப் பக்கம் போனாலும் டீ ஆறுவதற்குள் இன்னொரு மாநிலத்தில் இருப்போம். இங்கே பல வீடுகளில் ஆள் பிரான்சில், வளைகுடாவில், சிங்கப்பூரில். ஊருக்கு வரும்போது ஓட்ட ஒரு கார் வாங்கி வைத்திருப்பார்கள். வருடத்தில் சில வாரம் ஓடும். அத்தை பையனோ மச்சினனோ வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பதாகச் சொல்லியிருப்பான், பண்ணியிருக்க மாட்டான். இப்படிப்பட்ட வண்டிதான் பத்து வருடம் கழித்து “நாப்பதாயிரம் ஓடினது” என்று விலைக்கு வரும். சொன்னது பொய்யில்லை. நாற்பதாயிரம் ஓடியது நிஜம்.

நின்ற வண்டியில் என்னென்ன நடக்கும் என்பதற்கு என் கைகளில் ஒரு வரிசை இருக்கிறது. பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் துரு படிந்து உதடு கட்டியிருக்கும். கைப்பிரேக்கைப் போட்டபடி விட்டிருந்தால் பின் சக்கரத்து டிரம்மில் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நகர்வில் ‘டக்’ என்று விடுபடும். டயரில் பூ நிறைய இருக்கும், பக்கச் சுவரில் மயிர்க்கோடாய் வெடிப்பும் இருக்கும். டயர் வயதை அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: நான்கு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு டயர் புதுசு என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டினால் போதும். ஏசி ஓடாமலே கிடந்தால் கம்ப்ரஸர் சீல் காய்ந்து கேஸ் இறங்கிப்போயிருக்கும். பிறகு எலி. தை மாதம் சம்பா அறுப்பு முடிந்து வயல் வெறுமையானதும் எலி வீட்டுப் பக்கம் வரும். பானெட்டுக்கு அடியில் இருக்கிற இடம் அதற்குக் கதகதப்பான வீடு. ஒயர் கட்டில் ஓரிடத்தில் மட்டும் புது டேப் பளபளவென்று சுற்றியிருந்தால் அங்கே டார்ச்சை வைத்து நிதானமாகப் பார்ப்பேன். கடித்த ஒயரை ஒட்டுப் போடுவது தப்பில்லை. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்களா, சால்டர் வைத்திருக்கிறார்களா என்பதில்தான் அடுத்த மழைக்காலம் இருக்கிறது.

உப்பு தனிக் கதை. அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

இன்ஜின் போனால் இன்ஜினை இறக்கிச் செய்யலாம். கியர் பாக்ஸ் போனால் மாற்றலாம். இன்றைய பெரும்பாலான கார்களில் லாரி மாதிரித் தனியாகச் சேசிஸ் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று வெல்டு வைத்த பாடியே சேசிஸ். அந்தத் தகடு உள்ளிருந்து அரித்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடலோரக் காற்றில் வருகிற உப்பு, தகடும் தகடும் சேர்கிற இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது ஈரத்தை இழுத்து வைக்கும் குணமுடையது. வெளியே வெயில் காய்ந்தாலும் இடுக்கு காயாது. கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. புழுதியும் வேப்பம்பூவும் சருகும் சேர்ந்து அதை அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். ஆகவே நான் முதலில் குனிவது கதவடிக்கு. விரல் நுனியால் அந்த மடிப்பை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். பெயிண்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே வேலை தொடங்கி வெகுநாள் ஆகிவிட்டது. அடுத்து ஜாக்கி வைக்கிற இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்கார்கிற பள்ளம், பேட்டரித் தட்டுக்கு அடி, பின் சக்கர வளைவின் உள் மடிப்பு, சைலன்சரைத் தாங்குகிற கொக்கிகள், பின் சக்கரம் வரை போகிற பிரேக் பைப். கடைசியாகச் சொன்னது உயிர் விஷயம். பைப்பின் மேல் துரு பொருக்குத் தட்டியிருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றாமல் ஓட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

பட்டறைக் குழிமேல் ஏற்றி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். அரித்தது ‘தொப்’ என்று சொல்லும். இதைச் சொல்லிக் கொடுத்தால் பையன்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். எந்த மீட்டரும் வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியின் அடியில் கன்னங்கரேலென்று புது ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்திருந்தால் பலர் “நல்லாப் பராமரிச்சிருக்காங்க” என்று மகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். வண்டி புதிதாக இருந்தபோது அடித்தது பாதுகாப்பு; விற்பதற்கு முதல் வாரம் அடித்தது போர்வை. தார் மாதிரி தடித்த அந்தப் பூச்சுக்குக் கீழே சத்தமும் அடங்கிவிடும், ஆகவே ஓரங்களில், வளைவுகளில், பூச்சு மெலிந்த இடங்களில் தட்ட வேண்டும். பானெட்டின் முன்பக்கம் ஏசி கண்டென்சரையும் பாருங்கள். அலுமினியத் தகடுகள் விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் கார் கடலைப் பார்த்து நின்றிருக்கிறது. சொந்தக்காரர் கும்பகோணம் வண்டி என்று சொன்னாலும் சரி.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு மாதிரி. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியபோதும் எத்தனையோ கார்கள் தண்ணீருக்கடியில் நின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியது எங்களுக்குத் தெற்கே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், புதுச்சேரி நகரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் ‘டோட்டல் லாஸ்’ என்று கணக்கை முடித்துவிடுவார்கள். கணக்குத்தான் முடியும், வண்டி முடியாது. ஆர்சி ரத்தாகாவிட்டால் ஏலத்தில் போய், கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி, எங்கேயாவது தள்ளிப்போய் விலைக்கு நிற்கும். மூழ்கிய ஊரிலேயே விற்க மாட்டார்கள், அங்கே எல்லோருக்கும் தெரியும். தள்ளி இருக்கிற ஊர் என்றால் எங்களைப் போன்ற ஊர்தான்.

கழுவினால் போகாத இடங்கள் சில உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். தினமும் இழுபடாத அந்த அடிமுழத்தில் தண்ணீர்க் கோடோ வண்டல் கறையோ இருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கிற லேபிளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். வண்டி 2014, பெல்ட் 2016 என்றால் ஏதோ நடந்து மாற்றியிருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல ஓடுகிற இரும்பில் துரு, சீட் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு, கார்ப்பெட்டை ஓரத்தில் தூக்கினால் கீழிருக்கிற பஞ்சில் ஈரவாடை. வாடையை மறைக்க வாசனைத் திரவியத்தைக் கொட்டியிருப்பார்கள். ஏறியதும் மூக்கைத் துளைக்கிற வண்டியில் நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்வேன். வெயில் வாசனையைச் சீக்கிரம் தோற்கடித்துவிடும். ஃபியூஸ் பெட்டியில் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. இன்ஜின் நன்றாகவே ஓடும். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் ராத்திரி முகப்பு விளக்கு, அடுத்த வாரம் பவர் விண்டோ, அப்புறம் ஏர்பேக் விளக்கு என்று ஒவ்வொன்றாய்ப் போகும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற கூலி பொருளின் விலையைவிட அதிகம்.

டிங்கரிங் வேலைக்கு அதிகம் சொல்ல வேண்டாம். பெயிண்டின் கனத்தைச் சொல்கிற சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். கம்பெனிப் பெயிண்ட் பொதுவாக 100-லிருந்து 150 மைக்ரான் வரை. மேலே இன்னொரு கோட் அடித்திருந்தால் 200-ஐத் தாண்டும். பட்டி பூசியிருந்தால் எகிறிவிடும். கதவில், பம்பர் ஓரத்தில் பட்டி இருப்பதைக் குற்றமாக நான் எழுதுவதில்லை. நம் ஊரில் சைக்கிள் ஹேண்டில் படாத கார் உண்டா? முன் அப்ரானிலும், பில்லரிலும், கூரையிலும் வேலை நடந்திருந்தால் அது வேறு விஷயம். அந்த வண்டி ஒருதரம் நொறுங்கியிருக்கிறது.

இனி டிரையல். ஓட்டிப் பார்ப்பது என்றால் ஏறி உட்கார்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மிதி மிதித்து, “நல்லாப் போகுதுண்ணே” என்று சொல்வது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நேர்ச் சாலையில் வேகமாகப் போவது எல்லா வண்டிக்கும் சுலபம். என் டிரையல் வண்டி கிளம்புவதற்கு முன்னால், சாவி போடுவதற்கும் முன்னால், பானெட்டில் கை வைப்பதில் தொடங்குகிறது. சூடாக இருந்தால் “காலைல வர்றேன், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைப்பது சிலருக்கு வெறும் மரியாதை, சிலருக்கு உபாயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை, ஆகவே குளிர்ந்த இன்ஜினைத் தவிர வேறு எதையும் நான் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின் முதல் சில நொடிகளில் உண்மை பேசிவிடும். சைலன்சரில் நீலப் புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றால் வால்வு சீல் தேய்ந்து ஆயில் இறங்குகிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. பழைய ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா டீசலாக இருந்தால் காது கொடுத்துக் கேட்பது டைமிங் செயின் சலசலப்பை. ஃபியட் வடிவமைத்த அந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இங்கே பல கம்பெனிக் கார்களில் ஓடியது; 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. இன்றும் பழைய கார்ச் சந்தையில் அதற்கு மவுசு குறையவில்லை, எனக்கும் அதன்மேல் ஒரு பாசம். பாசம் இருக்கிற இன்ஜினை இரண்டு தரம் கேட்க வேண்டும்.

பிறகு உள்ளூர்த் தெருக்கள். கண்ணாடிகளை இறக்கி, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டாவது கியரில், மேடுபள்ளத்தில். லிங்க் ராட், புஷ், ஷாக் அப்சார்பர் மவுண்ட் எல்லாம் இந்த வேகத்தில்தான் பேசும். எண்பதில் வாயை மூடிக்கொள்ளும். காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து வட்டமடித்தால் முன் ஆக்ஸில் மூட்டு தேய்ந்ததா என்பது கடகட சத்தத்தில் தெரியும், இடம் ஒருதரம் வலம் ஒருதரம். அதன் பிறகே பெரிய சாலை. கோட்டுச்சேரி வழியாக வடக்கே போய், பூவத்தில் பிராந்திய எல்லையைத் தாண்டி, தரங்கம்பாடி வரை போய்த் திரும்புவது என் வழக்கமான சுற்று. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வர அந்தத் தூரம் வேண்டும். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து ஸ்டியரிங்கில் விரலை மட்டும் வைத்து நேராகப் போகிறதா என்று பார்ப்பது, கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒருதரம் அழுத்தமாகப் பிரேக் பிடிப்பது, எல்லாம் அங்கேதான்.

டெல்டாவில் ஒரு குறை உண்டு: மேடு கிடையாது. ஏற்காட்டுக்காரருக்கும் குன்னூர்க்காரருக்கும் கிளட்ச் நிலைமை ஒரே வளைவில் தெரிந்துவிடும். எங்களுக்கு அரசலாற்றுப் பாலத்து ஏற்றம் எந்த மூலைக்கு? அதனால் சமதளத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறேன். நாலாவது கியரில் வேகத்தை நாற்பதுக்கு இறக்கி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். இன்ஜின் சத்தம் மட்டும் குபுக்கென்று ஏறி வண்டி பின்தங்கினால் கிளட்ச் தட்டு முடிந்தது. குறைக்கு ஈடாக எங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: சனிக்கிழமைத் திருநள்ளாறு. சனீஸ்வரரைப் பார்க்க வெளியூர் வண்டிகள் வந்து குவிகிற அந்தக் கூட்டத்தில், உச்சி வெயிலில், ஏசி போட்டபடி முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஊர்ந்தால் ரேடியேட்டர் ஃபேனும், தெர்மோஸ்டாட்டும், ஏசியும் என்ன லட்சணம் என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று அட்வான்ஸ் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆகவே அன்று வண்டி சும்மாதான் நிற்கும். பார்ப்பதற்கு அதுவே நல்ல நாள்.

திரும்பி வந்ததும் இன்ஜினை நிறுத்தாமல் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பேன். புகை குபுகுபுவென்று கிளம்பினால் பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு நிறுத்தி, அடியில் அகலமான அட்டை ஒன்றை விரித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட வேண்டும். வந்து பார்த்தால் அட்டையில் எந்த இடத்தில் எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்பது இருக்கும். ஏசித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் சொட்டக் கூடாது. சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் பண்ணுவது கடைசி. குளிரில் உடனே பிடித்த வண்டி சூட்டில் அடம் பிடித்தால் சென்சாரோ, பம்ப்போ, ஸ்டார்ட்டரோ, ஏதோ ஒன்று கூப்பிடுகிறது.

பிஎஸ் 6 டீசல் கார்கள் பழைய கார்ச் சந்தைக்கு வரத் தொடங்கிய பிறகு ‘எங்கே நின்றது’ என்ற கேள்விக்கு இன்னொரு அர்த்தம் சேர்ந்திருக்கிறது. அவற்றின் சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால் வண்டி அவ்வப்போது பெரிய சாலையில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து பள்ளிக்கூடம் என்று காரைக்காலுக்குள்ளேயே சுற்றின டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. முப்பதாயிரம் ஓடி வடிகட்டி அடைத்த காரைவிடச் சென்னைக்கும் மதுரைக்கும் போய்வந்து ஒரு லட்சம் ஓடின கார் மேல் என்று சொன்னால் வாங்க வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஸ்கேனரை மாட்டிக் கரி அளவைக் காட்டிய பிறகு பார்வை மாறும்.

ஸ்கேனர், விற்கிறவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லும். கோளாறு விளக்கு எரியும் காரில் கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டு விலைக்கு நிறுத்துவது பழைய வித்தை. ஆனால் பல கார்களில் ‘குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று தனியே ஒரு எண் பதிவாகியிருக்கும். அது பன்னிரண்டு கிலோமீட்டர் என்று காட்டினால், நேற்று யாரோ அழித்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பேப்பரும் இதேபோல ஓர் உளவாளி. கிளைம் எதுவும் வாங்காத சொந்தக்காரருக்கு நோ கிளைம் போனஸ் முதல் வருடம் 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாவது வருடத்தில் 50 வரை ஏறும். “எட்டு வருஷமா ஒரு கீறல் கிடையாது” என்று சொல்கிற ஃபர்ஸ்ட் ஓனரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றிருந்தால் என்னவென்று கேட்கலாம். அந்தப் போனஸ் ஆளுக்குச் சேர்ந்தது, வண்டிக்குச் சேர்ந்ததல்ல; ஆகவே கை மாறிய வண்டியில் இந்தக் கணக்கு செல்லாது.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிற உறவுக்காரர்கள் இங்கே கார் வாங்குகிறவர்களைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். “கொன்ட்ரோல் தெக்னிக் எங்க?” என்று கேட்பார்கள். அங்கே நாலு வருடத்துக்கு மேற்பட்ட காரை ஒருவருக்கு விற்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எடுத்த சோதனை அறிக்கையை விற்பவர் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு ஒரு விதி: சோதனை செய்கிற நிலையம் பழுது பார்க்கக் கூடாது. கோளாறு கண்டுபிடித்தால் அதில் தனக்குக் காசு வரும் என்ற நிலையே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஜப்பான் கார் வாங்குகிறவர்கள் ஏலச் சீட்டைக் கேட்கிறார்கள். எந்தத் தகட்டில் என்ன அடி என்று படம் போட்டுக் குறித்திருக்கும். இங்கே சொந்தக் காருக்கு முதல் பதினைந்து வருடம் புகைச் சோதனையைத் தவிர யாரும் வேறெந்தச் சோதனையும் கேட்பதில்லை. இருக்கிறது எங்களைப் போன்ற மெக்கானிக்குகள் மட்டும்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விற்கிற புரோக்கரே “நம்ம மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு, அவரையே வச்சுப் பாத்துக்குங்க” என்பார். வியாபாரம் முடிந்தால் அந்த மெக்கானிக்குக்கு ஒரு பங்கு உண்டு. நான் புரோக்கர்களைத் திட்டுகிறவன் இல்லை. கன்சல்டிங் நடத்துகிற சிலர் கோளாறை முதலிலேயே சொல்லி விலையைக் குறைத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பங்கு வாங்குகிற கண் பாதி மூடித்தான் இருக்கும். நான் கூலி வாங்குவது வாங்குபவரிடம் மட்டும். வியாபாரம் முடிந்தாலும் முறிந்தாலும் அதே கூலி. நான் பார்த்துச் சொன்ன வண்டியின் பழுதை என் பட்டறையில் செய்வதில்லை. வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவேன். பழுதில் போயிருக்க வேண்டிய காசு கொஞ்சம் போகத்தான் செய்கிறது. பிரான்ஸ்காரர்கள் சட்டமாகவே வைத்திருப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். “வாங்கலாமாண்ணே?” என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்வதும் கிடையாது. இன்னின்ன இருக்கிறது, சரி பண்ண இவ்வளவு ஆகும், இது மட்டும் சரி பண்ண முடியாது என்று எழுதிக் கொடுப்பேன். முடிவு அவருடைய வீட்டுக்குள் நடக்கட்டும்.

காகிதத்துக்கு வருவோம், எல்லை ஊரில் இதுதான் பலருடைய தலைவலி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவே, வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தி வைக்கப்படுகிறதோ அந்த இருப்பிடம் உள்ள மாநிலத்தில் பதிய வேண்டும் என்கிறது. சட்டமும் நான் கேட்கிற கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் ஒரு வாடகை முகவரியைக் காட்டி இங்கே பதிந்து, வண்டியை வேறு மாநிலத்தில் ஓட்டுவது நெடுநாள் வழக்கம். 2017-இல் கேரளத்தில் இப்படிப்பட்ட ஆடம்பரக் கார்களைப் பிடித்துப் பெரிய கலவரமே ஆனது. தமிழ்நாடு 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தி, பத்து லட்சத்துக்கு மேல் இருபது வரை 18 விழுக்காடு, அதற்கும் மேல் 20 என்று ஆக்கிய பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. பி.ஒய். எண் பலகையோடு நிற்கும் கார் புதுச்சேரியைப் பார்த்தே இருக்காது. அதைக் காரைக்கால் வண்டி என்று நம்பி உப்பைத் தேடினால் கிடைக்காது, சென்னை வெள்ளத்தைத் தேட வேண்டும். மயிலாடுதுறைக்காரரோ நாகூர்க்காரரோ எங்கள் பி.ஒய். 02 வண்டியை வாங்கிப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கள் ஊரில் வைத்திருந்தால், 47-ஆவது பிரிவின்படி அங்கே புது எண் வாங்க வேண்டும். படிவம் 28-இல் இங்கிருந்து என்ஓசி, அங்கே வரி. இந்த வரியையும் வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். மலிவாகத் தோன்றிய வண்டி அந்தக் கூட்டலில் பலதரம் சமமாகிவிடும். ஃபைனான்ஸில் எடுத்ததாக இருந்தால் படிவம் 35; கடன் முடிந்தது என்று பேங்க் கொடுத்த கடிதம் மட்டும் போதாது, ஆர்சியிலிருந்து அந்தக் குறிப்பு நீங்க வேண்டும்.

டிரையல் எடுக்கிற நேரத்துக்கும் காகிதம் உண்டு. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழைய வண்டி வியாபாரிகளுக்கென்று விதி கொண்டுவந்து 2023 ஏப்ரல் முதல் அமலாக்கியது. பதிவு பெற்ற வியாபாரி தன்னிடம் நிற்கும் வண்டி எதற்காக, யார் ஓட்ட, எப்போது, எத்தனை கிலோமீட்டர் வெளியே போனது என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். அதில் உங்கள் பேர் ஏறுகிறதா என்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். தனியாளிடம் வாங்கினால் சாவியைத் தொடுவதற்கு முன் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்; படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று இங்கே நினைக்கிறார்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் அப்படித்தான் ஒரு கார் கை மாறிக் கை மாறிப் போயிருந்தது; ஆர்சி மட்டும் முதல் ஆள் பேரிலேயே கிடந்தது. விபத்து நடந்தபோது அந்த முதல் ஆள்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள், வெளி மாநிலம் என்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிடத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடச் சொல்வேன். சாவி கைமாறிய அன்றே பூவத்துக்கு அந்தப் பக்கம் கேமரா ஒரு அபராதத்தைப் பதிந்தால், அது யாருடையது என்று அந்த நிமிடம்தான் சொல்லும்.